பதிவேட்டில் ஏறாத எக்ஸ்ரே

நாகர்கோவிலில் அணுசக்தி பற்றிப் பேச்செடுத்தால் அது இரண்டு பக்கம்தான் போகும். கிழக்கே மாவட்ட எல்லையைத் தாண்டினால் கூடங்குளம், மேற்கே மணவாளக்குறிச்சி மணல் கம்பெனி, அதாவது கடற்கரை மணலிலிருந்து அணுக் கனிமம் பிரிக்கிற அரசு நிறுவனம். 2024-இல் கிள்ளியூர் தாலுகாவில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்துக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பி, அதைத் தள்ளிவைத்தார்களே, அப்போது டீக்கடை வரை இதே வாக்குவாதம். அதில் எப்படியும் ஒருத்தர் வந்து, "அதெல்லாம் பாக்கதுக்கு ஒழுங்குமுறை வாரியம் இருக்குல்லா, பெறகு என்ன?" என்று பேச்சை முடித்துவைப்பார். இருக்கிறதுதான். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983 நவம்பரிலிருந்து இருக்கிறது. சரி, அந்த வாரியம் தன் வேலையை ஒழுங்காகப் பார்க்கிறதா என்று யார் பார்க்கிறார்கள்? கொஞ்ச காலமாக என் மண்டையில் ஓடுவது இந்தக் கேள்விதான்.

முதல் பதில், அவர்களேதான். கேட்டவுடன் சிரிப்பு வரலாம், ஆனால் உலகம் முழுக்க இப்படித்தான். சர்வதேச அணுசக்தி முகமையின் பாதுகாப்புத் தரங்களே, ஒழுங்குமுறை அமைப்பு தன்னைத்தானே அவ்வப்போது மதிப்பிட்டுக்கொள்ள வேண்டும் என்று சொல்கின்றன. அதற்கென்று 'சாரிஸ்' என்று ஒரு மென்பொருளைக்கூட முகமை கொடுக்கிறது. சட்டம் இருக்கிறதா, ஆள் போதுமா, உரிமம் கொடுக்கும் முறை என்ன, ஆய்வுக்குப் போகிறீர்களா, தப்பு கண்டால் என்ன செய்கிறீர்கள் என்று வரிசையாகக் கேள்விகள்; பதிலும் அதற்கான ஆதாரமும் கொடுத்து, ஓட்டை எங்கே என்று நீங்களே எழுத வேண்டும்.

இதில் எனக்குப் பெரிய புகார் இல்லை. எதை எண்ணுகிறார்கள் என்பதில்தான் புகார். ஒழுங்குமுறை அமைப்புகளின் ஆண்டறிக்கைகளைப் புரட்டினால் இத்தனை ஆய்வுகள், இத்தனை உரிமங்கள், இத்தனை குழுக் கூட்டங்கள் என்று இருக்கும். எல்லாம் செய்த வேலையின் கணக்கு. செய்யாமல் விட்ட வேலை எவ்வளவு என்று தெரிய, மொத்தம் எவ்வளவு என்று தெரிய வேண்டுமே? விபத்து நடக்கவில்லை என்பதையும் சாதனையாகக் காட்ட முடியாது. விபத்து இல்லாத வருஷம் நல்ல மேற்பார்வையாலும் வரும், வெறும் அதிர்ஷ்டத்தாலும் வரும், வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்.

மொத்தம் எவ்வளவு என்ற அந்தக் கேள்வியை 2012-இல் கேட்டது வாரியம் இல்லை, அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி. அந்த ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைத்த தணிக்கை அறிக்கையில் ஒரு கணக்கு வருகிறது: நாட்டில் இயங்கும் மருத்துவ எக்ஸ்ரே நிலையங்கள் 57,443, அவற்றில் வாரியத்திடம் பதிவானவை 5,270. அதாவது நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பதிவேட்டிலேயே இல்லை! அந்த 5,270-ஐயும் வாரியம் எவ்வளவுதான் அருமையாகக் கவனித்திருந்தாலும் நமக்கு என்ன பிரயோஜனம்? அதிகக் கதிர்வீச்சு அபாயம் உள்ளவை என்று வாரியமே வகைப்படுத்திய தொழிற்சாலை ரேடியோகிராபி (உலோகத்தில் விரிசல் இருக்கிறதா என்று கதிர்வீச்சால் படம்பிடித்துப் பார்ப்பது), புற்றுநோய்க் கதிர்வீச்சு சிகிச்சை நிலையங்களிலும் நடத்த வேண்டிய ஆய்வுகளில் 85 சதவீதம் நடக்கவில்லை என்று அதே அறிக்கை சொன்னது. விதியை மீறினால் அபராத உச்சவரம்பு அப்போது 500 ரூபாய். இன்றைக்கு ஹெல்மெட் போடாமல் வண்டி ஓட்டினால் அதைவிட அதிகம் கட்ட வேண்டும்.

அணு உலை என்றால் எல்லாருக்கும் பயம், எக்ஸ்ரே என்றால் யாரும் கண்டுகொள்வதில்லை. நம்மில் பலருக்கும் வாழ்நாளில் செயற்கைக் கதிர்வீச்சு அதிகம் வந்து சேர்வது ஸ்கேன் சென்டர் வழியாகத்தான். போன வருஷம் சித்திக்கு முட்டு வலி என்று நம்ம பக்கத்தில் ஒரு சென்டருக்குக் கூட்டிக்கொண்டு போனேன், பெயர் வேண்டாம். எக்ஸ்ரே எடுக்கும் தம்பியின் டி.எல்.டி. பேட்ஜ், அதாவது அவர் உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று அளப்பதற்காகச் சட்டையில் குத்திக்கொள்ள வேண்டிய சின்ன அட்டை, கண்ட்ரோல் பேனலுக்கு மேலே சுவரில் ஒரு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"தம்பி, அத சட்டையிலல்லா குத்தணும்?"

"சட்டையோட தொவைக்கப் போட்டுட்டா தொலஞ்சிரும்ணே, அதுக்காக்கும் இங்க மாட்டியிருக்கு."

மூன்று மாசத்துக்கு ஒருமுறை அந்த பேட்ஜ் பரிசோதனைக்கூடத்துக்குப் போகும். ரீடிங் நல்லபடியாகத்தான் வரும், சுவருக்கு என்ன வரப்போகிறது? ஆனால் கோப்பில் அது அந்தத் தம்பியின் பெயரில் ஏறும். எங்கோ ஒரு அட்டவணையில் 'வரம்புக்குள்' என்ற கட்டத்தில் எண்ணிக்கை ஒன்று கூடும். அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார், வந்து பார்த்தவர் யார்?

இதில் நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இன்னொரு எரிச்சல் இருக்கிறது. எக்ஸ்ரே கருவிகளைக் கவனிக்க மாநிலந்தோறும் ஒரு கதிர்வீச்சுப் பாதுகாப்பு இயக்ககம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001-இல் சொன்னது. 2012 ஜூலை வரை அமைத்தவை கேரளாவும் மிசோரமும் மட்டும் என்று சி.ஏ.ஜி. எழுதியது. அப்போது களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துப் பாறசாலையில் எக்ஸ்ரே எடுத்திருந்தால் அதைப் பார்க்க மாநிலத்திலேயே ஒரு அலுவலகம். இந்தப் பக்கம் மார்த்தாண்டத்தில் எடுத்தால் வாரியத்திலிருந்து யாராவது வந்தால்தான் உண்டு. மீனுக்கும் துணிக்கும் எல்லை தாண்டுகிறவர்கள் இதற்கும் தாண்டியிருக்கலாம் போல.

வாரியத்தைச் சோதிக்க இரண்டாவது வழி, வேறு நாட்டு அதிகாரிகளைக் கூப்பிட்டுக் காட்டுவது. ஐ.ஆர்.ஆர்.எஸ். என்று பெயர், ஏற்பாடு செய்வது அதே சர்வதேச முகமை. முதலில் சுயமதிப்பீடு, பிறகு பல நாட்டு ஒழுங்குமுறை அதிகாரிகள் ஒரு குழுவாக வந்து இரண்டு வாரம்போல உட்கார்ந்து கோப்புகளைப் பார்த்து, ஆட்களிடம் பேசி, பரிந்துரைகள், யோசனைகள், பாராட்டத்தக்க நடைமுறைகள் என்று பிரித்து எழுதிக்கொடுப்பார்கள். இந்தியா இதைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பதும் சி.ஏ.ஜி.யின் குறைகளில் ஒன்று. 2015 மார்ச்சில்தான் முதல் குழு வந்தது, அணுமின் நிலையங்களை மையமாக வைத்துப் பார்த்தது. வாரியத்தின் சுதந்திரத்தைச் சட்டத்திலேயே உறுதிப்படுத்துங்கள் என்று அவர்கள் சொன்னார்கள். 2022-இல் தொடர் ஆய்வுக்குத் திரும்ப வந்தார்கள்.

இதையும் ஒரேயடியாக நம்பிவிடக் கூடாது. ஜப்பானுக்கு 2007-இல் இதே மாதிரிக் குழு போய்வந்தது. நாலு வருஷத்தில் புகுஷிமா. அங்கே மேற்பார்வை அமைப்பு, அணுமின்சாரத்தை வளர்க்கிற அதே அமைச்சகத்துக்குள் இருந்தது. மேற்பார்வை செய்ய வேண்டியவர்கள் நிறுவனத்தின் கைக்குள் போய்விட்டார்கள் என்று 2012-இல் ஜப்பான் நாடாளுமன்றத்தின் விசாரணைக் குழு முகத்துக்கு நேரே எழுதியது.

எனக்குப் பிடித்த உதாரணம் அமெரிக்காவின் டேவிஸ்-பெஸ்ஸி. ஓஹையோவில் உள்ள அந்த உலையின் மூடியைப் போரிக் அமிலக் கசிவு அரித்துக் குழியாக்கியிருந்ததை 2002-இல் கண்டுபிடித்தபோது, அந்த இடத்தில் மிஞ்சியிருந்தது ஒரு சென்டிமீட்டர்கூடக் கனமில்லாத உள்பூச்சு எஃகு மட்டும். அதுவரை நன்றாக நடக்கும் நிலையம் என்றுதான் ஒழுங்குமுறை ஆணையம் நினைத்திருந்தது. 2001 கடைசிக்குள் மூடிச் சோதிக்கச் சொல்லும் உத்தரவைத் தயாராக வைத்துக்கொண்டே, பிப்ரவரி வரை ஓட்ட விட்டார்கள். பிறகு நடந்ததுதான் முக்கியம். ஆணையம் ஒரு குழு போட்டுத் தன் தவறுகளை வெளியிட்டது. அதோடு நிற்காமல், ஆணையத்துக்குள்ளேயே தனி அதிகாரத்தோடு இருக்கும் தலைமை ஆய்வாளர் அலுவலகம், நிறுவனத்துக்கு நஷ்டம் வரக்கூடாது என்ற எண்ணம்தான் அந்த முடிவுக்குப் பெரிய காரணம் என்று அறிக்கை எழுதியது. சொந்த வீட்டுக்காரர்களைப் பற்றி இப்படி எழுத ஒரு நாற்காலி வேண்டும், அந்த நாற்காலியை யாரும் சுலபமாக இழுத்துவிட முடியாதபடியும் இருக்க வேண்டும்.

நம் ஊரில் இதுவரை இருந்த ஏற்பாட்டைப் பாருங்கள். மணல் கம்பெனி அணுசக்தித் துறையின் கீழ். கூடங்குளத்தை நடத்தும் அணுமின் கழகமும் அதே துறையின் கீழ். இரண்டையும் கண்காணிக்கும் வாரியம் அறிக்கை கொடுக்க வேண்டியது அணுசக்தி ஆணையத்துக்கு, ஆணையத்தின் தலைவரோ அதே துறையின் செயலாளர். தனி அதிகார அமைப்பு கொண்டுவர 2011-இல் போட்ட மசோதா 2014-இல் காலாவதியானது. 2025 டிசம்பரில் நிறைவேறிய 'சாந்தி' (SHANTI) என்ற புதிய அணுசக்திச் சட்டத்தில்தான் வாரியத்துக்குச் சட்ட அந்தஸ்து வந்திருக்கிறது. தனியாரும் அணுமின் நிலையம் நடத்தலாம் என்று கதவைத் திறந்ததும் இதே சட்டம்தான் என்பதால், வேலை கூடப்போகிறது.

நான் பார்க்க ஆசைப்படுவது சின்ன விஷயம். அடுத்த ஆண்டறிக்கையில் மாவட்டவாரியாக ஒரு அட்டவணை போடட்டும். கன்னியாகுமரி மாவட்டத்தில் எக்ஸ்ரே, சி.டி. கருவிகள் மொத்தம் எத்தனை, அதை யார் எண்ணினார்கள், உரிமம் உள்ளவை எத்தனை, அந்த வருஷம் ஆள் நேரில் போய்ப் பார்த்தவை எத்தனை, போகாதவை எத்தனை. கடைசிக் கட்டத்தைக் காலியாக விடாமல் நிரப்பினால் போதும்.