ஆடுகிற நேரம்

மார்ச் 3

இப்போதெல்லாம் காலை 6 மணி மாத்திரையின் வேகம் எட்டரைக்கே குறையத் தொடங்கிவிடுகிறது; அடுத்தது 10 மணிக்குத்தான். முதலில் தம்பியின் இடது கால் பெருவிரல் மேல்நோக்கி விறைக்கும், பிறகு பாதம் உள்பக்கமாகத் திருகிக்கொள்ளும், அதன் பின்னரே கை நடுங்கும். பார்க்கின்சன் என்றால் நடுக்கம் மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு விளக்கம் சொல்வதை நான் நிறுத்திவிட்டேன்.

மார்ச் 4

சட்டைப் பொத்தான்களைத் தானே போட்டுக்கொண்டான். நெடுநேரம் ஆயிற்று. நான் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மார்ச் 8

மரபணுச் சோதனையின் முடிவு வந்துவிட்டது. பார்க்கின் என்னும் மரபணுவின் இரண்டு படிகளிலும் பழுது இருக்கிறதாம். 1998-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அடையாளம் கண்ட மரபணு இது. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஆளுக்கு ஒரு படியில் மட்டுமே பழுது என்பதால் அவர்கள் இருவருக்கும் நோய் வரவில்லை. அதே கணக்கின்படி எனக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. விரும்பினால் நானும் சோதித்துக்கொள்ளலாம் என்றார் மருத்துவர். ஆனால் முடிவு எதுவானாலும், நோய் வராமல் தடுக்கும் மருந்து இதுவரை இல்லை என்பதையும் சேர்த்தே சொன்னார். வீடு திரும்பும் வழியெல்லாம் என் இடது கை சரியாக வீசுகிறதா என்றே பார்த்துக்கொண்டு நடந்தேன். தம்பிக்குத் தொடங்கியது அப்படித்தான். ஒரு கை மட்டும் வீசாமல் உடலோடு ஒட்டிக்கொண்டது, தோள்மூட்டு இறுக்கம் என்று மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்தார்கள், 34 வயதுக்காரனிடம் இந்த நோயைத் தேடிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

மார்ச் 9

இடது கை வீசுகிறது.

மார்ச் 14

உறவினர் வீட்டு விருந்துக்குப் போயிருந்தோம். மருந்து உச்சத்தில் இருந்ததால் தம்பியின் தோளும் கழுத்தும் நீரில் மிதப்பதுபோல் அசைந்துகொண்டே இருந்தன. லெவோடோபா என்னும் இந்த மாத்திரையை ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொள்பவர்களுக்கு வரும் அசைவு இது. இளம் வயதில் நோய் வந்தவர்களுக்கு இன்னும் சீக்கிரமே வந்துவிடுகிறது. 'பாவம், முற்றிவிட்டது' என்று ஒருவர் என் காதருகே சொன்னார். அந்த நேரத்தில்தான் அவன் நகைச்சுவையாகப் பேசிக்கொண்டிருந்தான், குழந்தையைத் தூக்கினான், தண்ணீரைத் தானே ஊற்றிக் குடித்தான். ஒரு மணி நேரம் கழித்து, அசைவெல்லாம் அடங்கி, முகத்தில் உணர்ச்சியே இல்லாமல் நாற்காலியில் உறைந்துபோனபோது, 'இப்போதுதான் அமைதியாக இருக்கிறான்' என்று அதே மனிதர் மகிழ்ந்தார். ஆடுகிற தம்பிதான் நலமாக இருக்கும் தம்பி என்பதை எப்படிச் சொல்வது? உறைந்திருப்பவனுக்கு அப்போது எழுந்து கழிப்பறைக்குப் போகக்கூட முடியாது.

மார்ச் 15

நேற்று உறைந்ததற்கு விருந்துச் சாப்பாடும் ஒரு காரணம். புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் குடலில் ஒரே வாசலுக்குப் போட்டியிடுகின்றன. உணவுக்கு அரை மணி நேரத்துக்கு முன்பே மாத்திரையைப் போட்டுவிட வேண்டும் என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆனால் பந்தியில் உட்கார்ந்தவனிடம் நான் மணி பார்த்தால் அவனுக்குக் கோபம் வருகிறது. 'நீ எனக்கு அக்காவா, அலாரமா?' என்று கேட்டான். பதில் சொல்லவில்லை. இரண்டும்தான்.

மார்ச் 20

தம்பி மனைவி அழுதாள். நள்ளிரவில் எழுந்து இணையத்தில் பொருள்களை வாங்கிக் குவிக்கிறானாம். பிரிக்காத பெட்டிகள் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. அவன் குணமே கெட்டுவிட்டதாக அவள் நினைத்திருந்தாள். இந்த நோய்க்கு அவன் எடுக்கும் இன்னொரு மாத்திரை பிராமிபெக்சோல்; அதை எடுக்கும் சிலருக்குச் சூதாட்டம், மிதமிஞ்சிய செலவு போன்ற அடக்க முடியாத உந்துதல்கள் வரக்கூடும் என்று மருத்துவர் விளக்கியபோது அவள் முகத்தில் தெரிந்தது நிம்மதியா கோபமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

மார்ச் 26

மூளைக்குள் மின்முனை பொருத்தும் அறுவைச் சிகிச்சைக்கு இவன் ஏற்றவனா என்று பார்க்கும் சோதனை. முந்தின இரவிலிருந்தே மருந்து கிடையாது. காலையில் மருத்துவமனை நடைவழியில், சோதனை அறையின் வாசலில், பாதங்கள் தரையில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டான். பின்னாலிருந்து தள்ளினால் விழுந்துவிடுவான்; கையைப் பிடித்து இழுத்தாலும் பயனில்லை. வழக்கம்போல் என் பாதத்தை அவன் முன்னே குறுக்காக வைத்தேன். தாண்டுவதற்கு ஒன்று கிடைத்ததும் கால் எழும்பியது, உள்ளே போய்விட்டான். விரல் தட்டுதல், கை திருப்புதல், எழுந்து நடத்தல் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டார்கள். பிறகு மருந்து கொடுத்துக் காத்திருந்து மீண்டும் போட்டார்கள். மருந்தால் எவை சீராகின்றனவோ, பெரும்பாலும் அவைதான் அறுவைச் சிகிச்சையாலும் சீராகுமாம். நோய் நிற்காது, நாளின் மேடுபள்ளம் குறையும்.

மார்ச் 31

மருத்துவமனையிலிருந்து அழைப்பு வரவில்லை.

ஏப்ரல் 5

கண்ணாடி முன் நடந்து பார்த்தேன். சோதித்துக்கொள்ளப் போவதில்லை என்று முடிவு செய்திருப்பவள் இதை ஏன் செய்கிறேன்?

ஏப்ரல் 11

உலகப் பார்க்கின்சன் நாள். 1817-இல் இந்த நோயை விவரித்து எழுதிய ஜேம்ஸ் பார்க்கின்சனின் பிறந்த நாள். காலையிலிருந்து கைபேசிக்கு வரும் படங்களிலெல்லாம் கூன் விழுந்த முதியவரின் கை கைத்தடியைப் பிடித்திருக்கிறது. தம்பிக்கு 38 வயது. மகளின் பள்ளிக் கட்டணத்துக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான்.

ஏப்ரல் 16

அழைத்துவிட்டார்கள். அறுவைச் சிகிச்சைக்கு ஏற்றவன்தானாம். நான் துள்ளினேன், அவன் யோசிக்க நேரம் கேட்டிருக்கிறான். பேச்சு குழறக்கூடும் என்பதுதான் அவன் தயக்கம், வகுப்பில் நின்று பாடம் நடத்துகிறவனுக்கு அது சிறிய விஷயம் அல்ல. வற்புறுத்த மாட்டேன் என்று தம்பி மனைவியிடம் சொல்லிவிட்டேன். மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றை எழுதித் தரச் சொன்னான்: நெஞ்சில் வைக்கும் பேட்டரி எத்தனை ஆண்டு உழைக்கும், பின்னால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா, குரல் மாறினால் மின்னளவை மாற்றிச் சரிசெய்ய முடியுமா, மாத்திரையில் எவ்வளவு குறையும்,