அடியில கழுவாத ஒரு நாள்

கொழுக்குமலைக்கு ஜீப் ஓட்டுறேன்னு சொன்னா எல்லாரும் முதல்ல கேக்குறது "அந்த ஏத்தத்துல எப்பிடிண்ணே ஏத்துறீங்க"ன்னுதான். எனக்கு ஏத்தத்துல பயம் வந்ததில்ல, வண்டிக்கு மூச்சு இருந்தா ஏறிரும், இல்லன்னா நின்னுரும், நின்னா டயருக்கு அடைக்கல்லு வச்சிட்டு என்ன பண்ணலாம்னு யோசிக்கலாம். இறக்கத்துல அந்த நேரம் கிடைக்காது.

தெரியாதவங்களுக்காக சொல்றேன், கொழுக்குமலை இருக்குறது தமிழ்நாட்டுல, தேனி மாவட்டம். ஆனா வண்டியில போகணும்னா கேரளாவுல இடுக்கி மாவட்டம் சூரியநெல்லி வந்துதான் ஏறணும், நம்ம பக்கம் குரங்கணியிலருந்து நடைபாதைதான். சூரியநெல்லியிலருந்து ஏறக்குறைய 12 கிலோமீட்டர், அதுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும்னா ரோடு எப்பிடின்னு நீங்களே பாத்துக்கங்க. பாதி தூரம் எஸ்டேட் ரோடு, பரவால்ல. அதுக்கப்புறம் ரோடுன்னு சொல்ல முடியாது, உருண்டக் கல்லும் மழைத்தண்ணி அறுத்த பள்ளமும்தான். மேல 7,900 அடி உயரம்னு சொல்வாங்க, சூரியன் உதிக்கிறதப் பாக்கத்தான் ஆளுங்க வர்றது, அதனால நாலு, நாலரைக்கெல்லாம் வண்டிய எடுத்தாகணும், முழு இருட்டு, பாதி நாள் பனிமூட்டம் வேற.

எங்க பக்கம் ஓடுறது பழைய மகேந்திரா ஜீப்புங்கதான், மேஜர், கமாண்டர் இந்த மாதிரி. கியர் கம்பி பக்கத்துலயே இன்னும் ரெண்டு கம்பி இருக்கும், ஒண்ணு ஃபோர் வீல் போட, அதாவது நாலு சக்கரமும் இழுக்க, இன்னொண்ணு லோ போட. லோ போட்டா சக்கரம் சுமார் ரெண்டரை மடங்கு மெதுவாச் சுத்தும், இழுவையும் அதே அளவுக்குக் கூடும். இறங்கும்போது லோவுல ஃபர்ஸ்ட் போட்டு ஆக்சிலேட்டர்லருந்து காலை எடுத்துட்டா எஞ்சினே வண்டியப் பிடிச்சுக்கிட்டு இறக்கிக் கொடுக்கும். புதுசா ஓட்ட வர்ற தம்பிங்க என்ன பண்ணுவாங்கன்னா, குலுக்கல் ஜாஸ்தியா இருக்கேன்னு கிளட்சை மிதிச்சிருவாங்க. மிதிச்சா எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இருந்த பிடி விட்டுப்போகும், ஆறு பேர் எடையும் வண்டி எடையும் மொத்தமா பிரேக்கு மேல வந்து விழும், பிரேக் டிரம் சூடேறிட்டா நீங்க எவ்ளோ அமுத்துனாலும் நிக்காது. அதனால என்கூட ஓட்டப் பழகுறவங்ககிட்ட நான் முதல்ல சொல்றது, இறக்கத்துல இடது கால் தரையில இருக்கட்டும் தம்பி, பெடல் பக்கமே கொண்டு போகாத.

ரெண்டாவது சொல்றது கட்டைவிரல். ஸ்டீயரிங்குக்கு உள்ள கட்டைவிரலக் கோத்துப் பிடிக்கக் கூடாது, வெளிய வட்டத்து மேலேயே இருக்கணும். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டி, முன்சக்கரம் கல்லுல பட்டா ஸ்டீயரிங் வெடுக்குன்னு சுத்தும், ஸ்டீயரிங்குக்கு உள்ள இருக்குற குறுக்குக் கம்பி வந்து அடிச்சா விரல் ஒடியும். அப்புறம் ஃபோர் வீல் போட்ட வண்டிய நல்ல தார் ரோட்டுல ஓட்டக் கூடாது, வளைவுல முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே தூரம் ஓடுறதில்ல, கல்லு ரோடுன்னா சக்கரம் கொஞ்சம் வழுக்கி சரி பண்ணிக்கும், தாருல வழுக்க வழியில்லாம உள்ள முறுக்கிக்கிட்டு நிக்கும், ஃபோர் வீல் கம்பி எடுக்கவே வராது. அப்ப பலமா இழுக்காதீங்க, ரெண்டடி ரிவர்ஸ் எடுத்தா தானா விட்டுரும்.

இதெல்லாம் ஒரு சீசன்ல கத்துக்கலாம். சாயங்கால வேலைய ஒழுங்காப் பழகத்தான் எனக்கு ரொம்ப வருஷம் ஆச்சு.

எனக்கு ஜீப் வேலை பழக்குன அண்ணன் ஒருத்தர், போடிக்காரர், டிரிப் முடிஞ்சு வந்ததும் சாப்பிடறதுக்கு முன்னாடி ஒரு வாளி தண்ணியும் தேங்கா நாரும் எடுத்துக்கிட்டு வண்டிக்கு அடியில போயிருவார். பாடிய மறுநாள்கூட கழுவுவார், அடிய அன்னிக்கே கழுவணும். ஸ்பிரிங் பட்டை, அதான் வண்டி எடையத் தாங்குற அடுக்கடுக்கான வளைஞ்ச இரும்புப் பட்டை, அப்புறம் யு போல்ட்டு, ஷேக்கிள், ஜாயிண்ட் கிராஸ்னு ஒண்ணொண்ணா சேறு போக தேய்ச்சிட்டு டார்ச் அடிச்சுப் பாப்பார். பட்டையில விரிசல் விட்டா அந்தக் கோட்டுல துரு கசியும், தலைமுடி மாதிரி செவப்பா ஒரு கோடு தெரியும். அது கண்ணுக்குத் தெரிஞ்சா பட்டைய அன்னிக்கே மாத்தணும், நாளைக்குன்னு தள்ளக் கூடாதுன்னு சொல்வார். சின்னச் சுத்தியல வச்சு நட்டு ஒவ்வொண்ணையும் தட்டுவார், இறுக்கமா இருந்தா கணீர்னு கேக்கும், லூசா இருந்தா சத்தம் செத்துப்போய்க் கேக்கும்.

ஒரு டிசம்பர் சீசன்ல நான் இத விட்டேன். காலைல ஒரு டிரிப்பு, மத்தியானம் ஒண்ணு, தொடர்ந்து ஒம்பது நாள், தூக்கமே மூணு மணி நேரம்தான், அடியில கழுவுறத மூணு நாள் தள்ளிப்போட்டேன். ஆயிலும் தண்ணியும் மட்டும் பாத்துட்டு எடுத்துட்டேன். பத்தாவது நாள் காலைல மேல ஏறிட்டு, எல்லாரும் உதயம் பாத்து டீ குடிச்சு முடிச்சு, இறங்கும்போது முன்னாடி இடது பக்கம் டக்குன்னு ஒரு சத்தம். கல்லு தெறிச்சிருக்கும்னு என் மனசு சொல்லுச்சு, அது உண்மை இல்லன்னு என் கைக்குத் தெரிஞ்சிருச்சு, ஏன்னா ஸ்டீயரிங்க நேரா வச்சிருக்கேன், வண்டி இடது பக்கமா இழுக்குது, அந்தப் பக்கம்தான் பள்ளம்.

எஞ்சினை அப்பிடியே கியர்ல ஆஃப் பண்ணி, ஹேண்ட் பிரேக் இழுத்து, ஆளுங்கள வலது பக்கமா ஒவ்வொருத்தரா இறக்குனேன். ஒரு அம்மா ஏழெட்டு வயசு பொண்ண மடியில வச்சிருந்தாங்க, அந்தப் புள்ள தூங்கிட்டிருந்துச்சு, எழுப்பாம தூக்கிட்டு இறங்குனாங்க. அடியில குனிஞ்சு பாத்தா மெயின் பட்டை கண்ணுக்கிட்ட, அதாவது முனையில வளையமா சுருட்டியிருக்குற இடத்துக்கிட்ட, ரெண்டா விட்டிருக்கு, சக்கரத்தத் தாங்குற ஆக்சில் ரெண்டு இஞ்ச் பின்னால போயிருக்கு. ரெண்டாவது பட்டை கண்ணைச் சுத்தி வளைஞ்சிருந்ததால முழுசா கழண்டு போகாம நின்னுச்சு. ஒடிஞ்ச முகத்துல பாதி பளபளன்னு புதுசா இருந்துச்சு, பாதி துருப்பிடிச்சிருந்துச்சு. அதாவது அந்த விரிசல் அன்னிக்கு வந்ததில்ல. சேறு மட்டும் இல்லாம இருந்திருந்தா நான் பாத்திருப்பேன்.

பின்னால வந்த வண்டிங்கள்ல ஆளுங்கள ரெண்டு மூணு பேரா பிரிச்சு ஏத்தி விட்டோம், எங்க ஸ்டாண்டு ஆளுங்க இந்த விஷயத்துல தங்கம், யார் வண்டின்னு பாக்க மாட்டாங்க. அப்புறம் ஜாக்கி போட்டுத் தூக்கி, ஆக்சிலை கடப்பாரையால நெம்பி முன்னால தள்ளி, சங்கிலி போட்டு வண்டியோட அடிச்சட்டம் சேசிஸோட சேத்துக் கட்டி, ஒடிஞ்ச இடத்துல ஒரு மரக்கட்டைய வச்சு இறுக்கி, லோ ஃபர்ஸ்ட்லயே ஊந்துக்கிட்டு கீழ வந்து சேர மூணு மணி நேரம். அந்த மூணு மணி நேரமும் நான் அந்தப் புள்ளய அவங்கம்மா தூக்கிட்டு இறங்குனதத்தான் நெனச்சிட்டே வந்தேன்.

ஸ்பேர் பாக்ஸுல இப்ப எப்பவும் ஒரு மெயின் பட்டை, ரெண்டு சென்டர் போல்ட்டு, ஒரு ஜாயிண்ட் கிராஸ், ஃபேன் பெல்ட், சங்கிலி இருக்கும். டீசல்ல ஏர் பிடிச்சா வண்டி ஸ்டார்ட் ஆகாது, அந்த ஏர எடுக்குறதுக்கு ஸ்பேனர் தனியா சீட்டுக்கு அடியிலயே வச்சிருக்கேன், ஏன்னா எங்க சின்னக்கானல் பக்கம் விடியக்காலைல ஆனை நிக்கும். அரிக்கொம்பன்ங்கிற ஆனைய 2023 ஏப்ரல்ல பிடிச்சுக் கொண்டு போயிட்டாங்க, ஆனா மத்த ஆனைங்க அங்கதான் இருக்கு, அதுங்க இடம் அது. ஆனையக் கண்டா தூரத்துலயே நிறுத்தி அது போற வரைக்கும் காத்திருக்கணும், அந்த நேரத்துல தேவைன்னா வண்டி உடனே ஸ்டார்ட் ஆகி பின்னால வரணும்.

பட்டை ஒடிஞ்ச அன்னிக்கு ராத்திரி அண்ணனுக்கு ஃபோன் போட்டு நடந்தத அப்பிடியே சொன்னேன். திட்டுவார்னு நெனச்சேன். "ஆளுங்க எல்லாம் இறங்கிட்டாங்களாப்பா"ன்னு கேட்டார், இறங்கிட்டாங்கண்ணேன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் "வலது பக்கப் பட்டையும் அதே வயசுதான், அதையும் சேத்து மாத்திரு"ன்னு சொல்லிட்டு வச்சிட்டார். மறுநாள் டிரிப்ப விட்டுட்டு பூப்பாறை, போடிமெட்டு வழியா போடிக்கு இறங்கி ரெண்டு பக்கத்துக்கும் பட்டை வாங்கிட்டு வந்தேன். வலது பக்கத்தக் கழட்டி கழுவிப் பாத்தப்ப, அதே இடத்துல, அதே செவப்புக் கோடு இருந்துச்சு.