விரல் நுனி

ஜூலை 2
மழை. கரண்ட் இல்லை. பாப்பா என் லுங்கி முனையை வாயில் திணித்துக்கொண்டே தூங்கிவிட்டாள்.

ஜூலை 3
முன்பெல்லாம் எதைக் கொடுத்தாலும் நேரே வாய்க்குத்தான். ஒன்பது மாதம் முடிந்ததும், வாய்க்குப் போகுமுன் கை ஒரு விசாரணை நடத்துகிறது. இன்று சிக்கியது தனாக்காக் கல், முகத்தில் பூசும் மரப்பட்டையை அரைக்கிற கல். மனைவி அரைத்துவிட்டு ஈரத்தோடு விட்டுப் போயிருந்தாள். முதலில் உள்ளங்கையால் ஒரே அறை. சில்லென்றிருக்க வேண்டும், வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். பிறகு ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டி, கல்லோரத்துக் காடியில் ஓட்டினாள். ஒட்டிய சாந்தைக் கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தாள்.

நாற்பது வருஷம் ரங்கூன் கடையில் நான் துணி பார்த்ததும் இப்படித்தான். இரண்டு விரலுக்கு நடுவே ஒரு தேய்: அசல் பருத்தியா, கலப்பா, கஞ்சி போட்டு ஏய்த்ததா, தெரிந்துவிடும். இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

ஜூலை 4
சர்க்கரை 240.

ஜூலை 6
டாக்டர் நைலான் இழை ஒன்றைப் பாதத்தில் வைத்து அழுத்தினார். இழை வளைந்தால் 10 கிராம் அழுத்தமாம். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், பட்டால் 'ஹொக்கே' (பர்மியில் ஆமாம்) சொல்ல வேண்டும். ஆரம்பிப்பார் என்று காத்திருந்தேன். "முடிஞ்சுது, ஊலே" என்றார்.

ஜூலை 7
மகள் பேசினாள். விசா வரவில்லை. பிள்ளை எல்லாவற்றையும் வாயில் போடுகிறாளே என்று புலம்பினேன். 1979-ல் மெல்ட்சாஃப், போர்ட்டன் என்று இரண்டு பேர் ஒரு மாதக் குழந்தைகள் வாயில், கண்ணுக்குக் காட்டாமல், சூப்பான் வைத்தார்களாம். சிலருக்கு வழவழப்பானது, சிலருக்கு முண்டும் முடிச்சுமானது. அப்புறம் இரண்டின் உருவத்தையும் காட்டினால், வாயில் இருந்ததைத்தான் அதிக நேரம் பார்த்தனவாம்.

சரிதான். ஆனால் பட்டன் பேட்டரி தொண்டையில் சிக்கினால் 2 மணி நேரத்தில் புண்ணாக்கிவிடும் என்று சொன்னவளும் இவளே.

ஜூலை 9
சாமி படத்து பிளாஸ்டிக் அகலில் பேட்டரி இல்லை. ராத்திரி, கரண்டும் இல்லை. பாயைத் தடவுகிறேன், தரையைத் தடவுகிறேன், என் விரலுக்கு எல்லாம் ஒரே மாதிரி. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மழையில் ஓடினோம். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை.

ஜூலை 10
அணைஞ்சுபோச்சுன்னு நாந்தான் எடுத்துக் கடுகு டப்பா மேல வச்சேன் என்கிறாள் மனைவி. இன்று அவளோடு பேசவில்லை.

ஜூலை 11
பாய் இடுக்கில் ஒரு சோற்றுப் பருக்கை. பாப்பா இரண்டு விரலால் நசுங்காமல் எடுத்தாள். நான் மூன்று தடவை முயன்றேன்.

ஜூலை 12
பாப்பா என் குதிகாலை வெகுநேரமாகச் சுரண்டிக்கொண்டிருந்தாளாம். மனைவி சொன்னாள்.