பூட்கேம்ப் ப்ராஜெக்டை நேர்முகத் தேர்வில் எப்படிச் சொல்வது?

கோடிங் பூட்கேம்ப் (சில மாதங்களில் நிரல் எழுதக் கற்றுத்தரும் தீவிரப் பயிற்சி) முடித்த தம்பி தங்கைகள் தங்கள் ரெஸ்யூமேயை எனக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கிறார்கள். தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் என்று எல்லாரும் நம் வடசென்னைப் பிள்ளைகள். உழைப்பில் குறையே இல்லை. ஆனால் ப்ராஜெக்ட் பகுதியில் எல்லாரிடமும் ஒரே வரிதான்: "ரியாக்ட், நோட், மாங்கோடிபி பயன்படுத்தி ஃபுல் ஸ்டாக் செயலி உருவாக்கினேன்." அதாவது திரை முதல் டேட்டாபேஸ் வரை எல்லாவற்றையும் இந்தக் கருவிகளால் செய்தேன் என்று பொருள். யாருக்காகச் செய்தீர்கள், என்ன சிக்கல் வந்தது, நீங்கள் எடுத்த முடிவு என்ன என்பது அதில் இல்லை. அப்படிப்பட்ட வரியைப் படிப்பவருக்கு உங்களிடம் கேட்க ஒரு கேள்விகூடத் தோன்றாது.

வானிலைச் செயலி, நெட்ஃபிளிக்ஸ் நகல் போன்றவை கற்றுக்கொள்ள நல்லவைதான். ரெஸ்யூமேயில் முதலிடம் மட்டும் அவற்றுக்கு வேண்டாம். நான் முதலிடம் கொடுத்தது, தண்டையார்பேட்டையில் பெரியப்பா நடத்தும் தண்ணீர் கேன் கடைக்காகச் செய்த செயலிக்கு. பில் போடும் வசதி செய்து தரலாம் என்றுதான் போனேன். "பில் கிடக்கட்டும் தம்பி, எந்த வீட்டில் எத்தனை காலி கேன் நிற்கிறது என்று தெரிந்தால் போதும்" என்றார். காலி கேன் திரும்பி வராவிட்டால் நஷ்டம் அவருக்கு. அந்த ஒரு பேச்சில் டேட்டாபேஸின் வடிவமே மாறிப்போனது.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. டெலிவரி அண்ணன் சிக்னல் சரியாக எட்டாத சந்துக்குள் நின்று 'கொடுத்தாயிற்று' பொத்தானை அழுத்துவார். பதில் வரத் தாமதமானால் மறுபடியும் அழுத்துவார். ஒரு கேன் கணக்கில் இரண்டாக ஏறிவிடும். ஒவ்வொரு டெலிவரிக்கும் போனிலேயே ஒரு தனி அடையாள எண்ணை உருவாக்கி, அதே எண் மீண்டும் வந்தால் டேட்டாபேஸ் ஏற்காதபடி யுனிக் கட்டுப்பாடு வைத்தேன். "ஒரு முறை அழுத்தியதும் பொத்தானை முடக்கிவிட்டால் போதாதா?" என்று நேர்முகத் தேர்வில் கேட்டார்கள். பக்கத்தை மூடித் திறந்தாலோ, போன் தானாகவே மறுமுறை அனுப்பினாலோ அது காப்பாற்றாது என்று விளக்கினேன். பணம் செலுத்தும் செயலிகளிலும் இதே தொல்லை உண்டு என்று தேர்வாளர் சொல்ல, பேச்சு அங்கேயே நெடுநேரம் நின்றது. மற்ற ப்ராஜெக்டுகளை அவர்கள் தொடவே இல்லை.

இப்படிப்பட்ட சிக்கல்கள் நம் தெருக்களில் நிறைந்து கிடக்கின்றன. காசிமேட்டு மீன் ஏலக் கணக்கு, எம்.சி. ரோடு துணிக்கடைகளின் சரக்கு இருப்பு, மணலிப் பக்கம் ஓடும் கன்டெய்னர் லாரிகளின் வாடகை என்று எதையும் எடுக்கலாம். முகவரியில் வியாசர்பாடி என்று எழுதவே தயங்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. உண்மையான ஆள் உண்மையாகப் பயன்படுத்தும் செயலி உங்கள் பக்கத்துத் தெருவிலேயே காத்திருக்கிறது.

குழுவாகச் செய்திருந்தால் உங்கள் பங்கைப் பிரித்துச் சொல்லுங்கள். "லாகினும் தேடலும் என்னுடையவை, வடிவமைப்பு தோழியுடையது" என்பதில் குறைவு எதுவும் இல்லை. நிரலைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்தின் கமிட் வரலாற்றில் (ஒவ்வொரு மாற்றத்தின் பதிவில்) யார் எதை எழுதினார் என்பது எப்படியும் தெரியும். அளந்து பார்க்காமல் "வேகம் 40 சதவீதம் கூடியது" என்று எழுதாதீர்கள். எப்படி அளந்தீர்கள் என்பதுதான் அடுத்த கேள்வி.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். ப்ராஜெக்டை 'ஓராண்டு பணி அனுபவம்' என்று காட்டச் சொல்பவர்களும், காசுக்கு அனுபவச் சான்றிதழ் தருகிறேன் என்பவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். நிறுவனங்கள் பின்னணிச் சரிபார்ப்பு செய்கின்றன. வருங்கால வைப்பு நிதிக் கணக்கைக் கேட்டாலே பொய் வெளிப்பட்டுவிடும். வேலையில் சேர்ந்த பிறகும் நீக்கப்படலாம். 'ப்ராஜெக்டுகள்' என்ற தலைப்பிலேயே வையுங்கள். உள்ளடக்கம் வலுவாக இருந்தால் அது போதும்.

ஆங்கிலத்தில் விளக்கத் தடுமாறுகிறவர்கள் முதலில் வீட்டில் அம்மாவுக்கோ அத்தைக்கோ தமிழில் சொல்லிப் பாருங்கள். கணினி தெரியாத அவர்களுக்குப் புரிந்துவிட்டால் வரிசை சரியாக அமைந்துவிட்டது என்று பொருள். பிறகு அதையே ஆங்கிலத்தில் வாய்விட்டுப் பழகுங்கள்.

லிங்குகளையும் கவனியுங்கள். செயலிகளை இணையத்தில் ஏற்றி இயக்க உதவும் ஹெரோக்கு தளம் தன் இலவசச் சேவையை 2022 நவம்பரில் நிறுத்திவிட்டது. அதில் ஏற்றிய பழைய லிங்க் இன்னும் உங்கள் ரெஸ்யூமேயில் இருந்தால் நீக்குங்கள். அதே போன்ற ரெண்டர் தளத்தின் இலவசச் சேவையில் 15 நிமிடம் யாரும் வராவிட்டால் செயலி உறங்கிவிடும், எழுந்திருக்க நேரம் எடுக்கும். நேர்முகத் தேர்வுக்குச் சற்று முன் நீங்களே ஒருமுறை திறந்து வையுங்கள். ரீட்மியில் (ப்ராஜெக்டுடன் வைக்கும் விளக்கக் கோப்பில்) சோதனை லாகின் கொடுங்கள். ஏபிஐ சாவி (வெளிச் சேவைகளைப் பயன்படுத்தத் தரப்படும் ரகசியக் குறியீடு) கிட்ஹப்பில் ஏறியிருந்தால், கோப்பை அழித்தாலும் பழைய கமிட்டில் அது இருக்கும், சாவியையே மாற்றிவிடுங்கள். கடை வாடிக்கையாளர்களின் உண்மையான பெயரும் போன் எண்ணும் நீங்கள் காட்டும் பதிப்பில் இருக்கவே கூடாது. அங்கே கற்பனைப் பெயர்களைப் போடுங்கள்.