கக்குகிற குழந்தையை முதலில் எடை போடச் சொல்லுங்கள்

பத்து வாரம்கூட ஆகாத குழந்தைக்கு வாந்தி நிற்கச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள், எடை போடாமலேயே. பச்சைக் குழந்தைக்கு மருந்தின் அளவே எடையை வைத்துத்தான். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

என் மகளுக்குப் புட்டிப்பால்தான். அதற்கான காரணம் எனக்கும் பிரசவம் பார்த்த டாக்டருக்கும் தெரியும். போகிற இடமெல்லாம் அதற்கு விளக்கம் சொல்லி மாளவில்லை. “தாய்ப்பால் குடுத்தா ஏன் கக்கப்போவுது?” என்று ஆரம்பித்து, குழந்தையை விட்டுவிட்டு என்னையே விசாரித்தார்கள். தாய்ப்பால் குடிக்கிற குழந்தையும் கக்கும். உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் உள்ள தசைக்கு முதல் சில மாதங்கள் இறுகி மூடும் பலம் இருக்காது. அதனால் பால் மேலே ஏறி வந்துவிடும். நான்கு மாத வாக்கில் அதிகமாகி, பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் தானாக நின்றுவிடும். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். யாரும் சொல்லவில்லை.

வலங்கைமான் பக்கம் எங்கள் ஊர். ஐப்பசி அடைமழையில் துணி எதுவும் காயாது. மாமனாரின் பழைய வேட்டிகளைக் கிழித்துப் போட்டும் போதவில்லை. அடுப்படிக் கொடியில் காய்ந்த துணியில் புகை வாடையும் புளித்த பால் வாடையும் போகவே போகாது. அந்த மழையில்தான் டாக்டரைப் பார்க்கக் கும்பகோணத்துக்குப் பஸ் ஏறினோம். முன்கூட்டியே போன் செய்து கேட்டதற்கு, “குழந்தையைத் தூக்கிட்டு வந்தாப் போதும்” என்றார்கள். நேரில் போனால், “தடுப்பூசி அட்டை எங்கே? பொறந்த எடை அதுலதானே இருக்கும்?” என்று திருப்பி அனுப்பினார்கள். சரி என்று அடுத்த முறை அட்டையோடு போனால் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. எடை மெஷின் ஓரத்தில் பழைய பைல்களைச் சுமந்துகொண்டு கிடந்தது. எவ்வளவு பால் கொடுக்கிறீர்கள் என்ற கேள்வியே வரவில்லை. சீட்டு மட்டும் கைக்கு வந்தது.

மருந்துக்கடையில் அந்தச் சொட்டு மருந்து இல்லை. ஆனால் கடைக்காரர் விலை கூடிய ஒரு டப்பாவை எடுத்து வைத்து, “பவுடரை மாத்துங்க, கக்கவே கக்காது” என்றார். குழந்தைப் பால் பவுடரை விளம்பரம் செய்வதையும் விற்பனையைத் தூண்டுவதையும் தடுக்க 1992-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. கடை மேசையில் அது எடுபடுவதில்லை. நாங்கள் வாங்கவில்லை.

ஊரில் ஆளுக்கொரு வைத்தியம். உரம் விழுந்திருக்கிறது, முறத்தில் போட்டு உருட்டணும் என்றார் எதிர்வீட்டு அப்பாயி. வசம்பு உரசி ஊற்றச் சொன்னார் இன்னொருவர். நல்லவேளை, என் மாமியார் என் பக்கம் நின்றார். “நர்ஸம்மா வரட்டும், அதுவரைக்கும் யாரும் எதையும் ஊத்தாதீங்க” என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்.

பத்தாவது வாரத் தடுப்பூசிக்குப் புதன்கிழமை துணை சுகாதார நிலையம் போனதும் கிராம செவிலியர் செய்த முதல் காரியம், குழந்தையின் சட்டையைக் கழற்றி எடை போட்டதுதான். பிறந்தபோது 2.8 கிலோ, இப்போது 4.8. “அடி ஏம்மா அழுவுறே? நல்லா ஏறியிருக்கா” என்றார். அப்புறம் என் தோளில் கிடந்த துண்டில் இரண்டு ஸ்பூன் தண்ணீரை ஊற்றினார். உள்ளங்கையை விட அகலமாகப் பரவியது. “இது பத்து மில்லிதான். நீ என்னடான்னா, புள்ள குடிச்சதெல்லாம் போச்சுன்னு நினைக்கிறே.”

புட்டியை வாங்கிக் கவிழ்த்துப் பிடித்தார். சொட்டுச் சொட்டாக விழவேண்டிய பால் நூல் பிடித்தாற்போல் ஒழுகியது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கான நிப்பிள்! பச்சைக் குழந்தைக்கு என்று கேட்டுத்தான் கடையில் வாங்கியிருந்தோம். அந்த வேகத்தில் பாலோடு காற்றையும் சேர்த்து விழுங்கியிருக்கிறாள். அளவையும் அவரே கேட்டார். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 மில்லி என்றால் இவளுக்கு 720 போதும். எங்கள் வீட்டில் வேளைக்கு 120 வீதம் எட்டு வேளை உள்ளே போய்க்கொண்டிருந்தது. வேளைக்கு 90 ஆக்கினோம். சொட்டு மருந்துச் சீட்டை ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் காட்டியதில், எடை இப்படி ஏறும்போது மருந்து தேவையில்லை என்றார்.

எங்களுக்குப் பலன் தந்தவை: பாதிப் பாலில் நிறுத்தி ஒரு ஏப்பம், முடிந்ததும் ஒரு ஏப்பம். பிறகு அரை மணி நேரம் தோளில் நிமிர்த்தி வைப்பது. குடித்த உடனே தூளியில் போட்டால் உடம்பு மடங்கி வயிறு அழுந்துகிறது, அதை நிறுத்தினோம். அரைஞாண் கயிறு இறுக்கமாக இருந்தது, தளர்த்தினோம். புட்டியைக் குலுக்கினால் நுரை கட்டும். மெதுவாகச் சுழற்றிக் கலக்குங்கள். தண்ணீரை முதலில் அளந்து ஊற்றி, அப்புறம்தான் பவுடர். எங்கள் டப்பாவில் 30 மில்லிக்குத் தலைதட்டிய ஒரு கரண்டி. கெட்டியாகக் கலந்தால் கக்காது என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், குழந்தைக்கு நீர்ச்சத்துக் குறைந்துபோகும். குப்புறப் போட்டுத் தூங்கவைக்கச் சொல்வார்கள்; கூடவே கூடாது. தலையணை இல்லாமல், சமமான படுக்கையில், மல்லாக்கத்தான்.

பச்சையாகவோ ரத்தம் கலந்தோ வந்தால், ஒவ்வொரு வேளையும் பீய்ச்சி அடித்தால், சிறுநீர் குறைந்தால், வயிறு உப்பினால், காய்ச்சல் இருந்தால், துவண்டு கிடந்தால் இந்தக் குறிப்பையெல்லாம் ஓரம் வைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நடுராத்திரி என்றால் 108.

இவள் இப்போதும் கக்குகிறாள்தான், ஆனால் ஒரு நாளைக்கு ஓரிரு துணியோடு போய்விடுகிறது. நிப்பிள் வாங்கும்போது அட்டையில் போட்டிருக்கும் மாத அளவைக் கடையிலேயே படித்துவிடுங்கள். பிரித்துவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.