பிடிக்கிற கை, கட்டுகிற கை

பக்கவாதம் வந்து எங்கள் தெரபி பிரிவுக்கு வருகிறவர்களிடம் முதலில் ஒன்று கேட்பேன்: "வீட்டில் எந்த வேலை செய்ய முடியாமல் ரொம்பக் கஷ்டப்படுகிறீர்கள்?" வேட்டி கட்டுவது, தலை பின்னுவது, ஈரத்துணி பிழிவது என்பார்கள். பெரும்பாலும் இரண்டு கை வேலைதான். எங்களிடம் இருக்கும் ரோபோவோ ஒரு கைக்கானது.

அந்த ரோபோ மேல் எனக்கு மரியாதை உண்டு. விழுந்த கையைக் கைப்பிடியில் பொருத்திவிட்டால், திரையில் தெரியும் புள்ளிக்கு நோயாளி கையைக் கொண்டுபோக வேண்டும். முடியாத இடத்தில் மோட்டார் தள்ளிக் கொடுக்கும். ஒரே அமர்வில் நூற்றுக்கணக்கான தடவை. அத்தனை தடவை அசைத்துவிட எந்தத் தெரபிஸ்டுக்கும் தெம்பு இருக்காது. ஆனால் பிரிட்டனில் 770 பேரிடம் நடந்து 2019-ல் வெளியான ராட்டுல்ஸ் ஆய்வில், ரோபோ பயிற்சியால் கையின் அசைவு ஓரளவு தேறியதே தவிர, அன்றாட வேலைகளில் அந்தப் பலன் தெரியவில்லை. அதைப் படித்தபோது எனக்கு ஒரு பூக்காரம்மாதான் ஞாபகத்துக்கு வந்தார்.

இடது பக்கம் விழுந்தவர். ரோபோவில் ஸ்கோர் நன்றாகவே ஏறியது. சரி என்று நாரும் மல்லியும் கொடுத்தேன். இடது விரல்கள் காம்புகளைப் பிடித்துக்கொண்டன. வலது கை நாரைச் சுற்ற ஆரம்பித்ததுமே இடது விரல்களும் கூடச் சேர்ந்து இறுகி, காம்பு நசுங்கியது. "சும்மா புடிச்சிக்கோன்னா கேக்க மாட்டேங்குது கண்ணு" என்றார்.

இரண்டு கைகளும் ஒன்றையொன்று இழுப்பது எல்லோருக்கும் உள்ளதுதான். ஒரு கைக்குப் பக்கத்து இலக்கும் மறு கைக்குத் தூரத்து இலக்கும் கொடுத்தாலும் இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் போய்ச் சேருவதை உடல் அசைவுகளை ஆராய்ந்த கெல்சோவும் சகாக்களும் 1979-லேயே காட்டினார்கள். நல்ல கை செய்வதை விழுந்த கை கண்ணாடிபோலச் செய்ய வைக்கும் 'மைம்' மாதிரியான ரோபோக்களும் இரண்டு கைகளையும் சேர்த்தே அசைக்க வைக்கின்றன. ஆரம்பத்தில் அது உதவலாம். ஆனால் பூ கட்ட ஒரு கை அசையாமல் இருக்க வேண்டும், மறு கை ஓட வேண்டும். இந்தப் பிரிவினையை யாராவது சொல்லிக்கொடுத்தாக வேண்டும்.

அதனால் ரோபோவை வேறு மாதிரி பயன்படுத்தினேன். இடது கை கைப்பிடியை ஒரே புள்ளியில் நிறுத்த வேண்டும். அதே நேரம் வலது கை மேசைமேல் நாரைச் சுருட்ட வேண்டும். வலது கை வேகமெடுத்தால் திரையில் புள்ளி விலகுவது அவருக்கே தெரியும். "மெதுவாம்மா" என்று நான் சொல்லத் தேவையே இல்லாமல் போயிற்று. அப்புறம் தடித்த காம்புள்ள சம்பங்கி. அதைக் கட்டினார், முடிச்சு தளர்வாக இருந்தாலும் மாலை பிரியவில்லை. மல்லி இன்னும் வசப்படவில்லை. அதை மருமகள் கட்டுகிறார்.

இப்போது எல்லோரையும் வீட்டிலிருந்து ஒரு பொருள் எடுத்துவரச் சொல்கிறேன். துண்டு, டிபன் பாக்ஸ், சீப்பு, எதுவானாலும் சரி. ரோபோ நேரத்தின் கடைசிப் பகுதி அதற்குத்தான். அந்த நேரத்துக்குத் திரையில் ஸ்கோர் ஏறாது என்பதால் ரிப்போர்ட்டில் கையால் எழுதிச் சேர்க்கிறேன்.