அழித்த ஃபைல் எங்கே போகிறது?

போன மாதம் ஒரு ராத்திரி, மணி இரண்டு இருக்கும், ஆபீஸிலிருந்து போன். சர்வரில் டிஸ்க் நிரம்பிவிட்டது, டேட்டாபேஸால் எழுத முடியவில்லை. உள்ளே போய், டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிஎஃப் (df) கட்டளை கொடுத்தால் 100 சதவீதம் என்கிறது. ஃபோல்டர்களின் அளவைச் சொல்லும் டியூ (du) கொடுத்து எல்லாவற்றையும் கூட்டினால் அதில் பாதிகூட வரவில்லை. மீதி இடம் எங்கே?

இதில் ஏமாந்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எங்கள் சர்வரில் ஓடும் லினக்ஸில், ஃபைலை அழிக்கும் ஆர்எம் (rm) கட்டளை கொடுத்தால் அழிவது ஃபைலின் பெயர் மட்டும்தான். உள்ளே இருக்கும் தரவு, அது டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்பதைக் குறித்து வைத்திருக்கும் ஐநோட் (inode) என்ற பதிவைச் சார்ந்தது. அந்த ஃபைலுக்கு வேறு பெயர் எதுவும் இல்லாமல், அதைத் திறந்து வைத்திருக்கும் கடைசி புராசஸும் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) மூடிய பிறகுதான் இடம் திரும்பக் கிடைக்கும். டியூ பெயர்களைப் பிடித்துக்கொண்டு போய் எண்ணுகிறது, டிஎஃப் ஃபைல் சிஸ்டத்தையே கேட்கிறது. அதுதான் இரண்டுக்கும் கணக்கு ஒத்துப்போகாத காரணம். திறந்திருக்கும் ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் (lsof) போட்டு, அழிக்கப்பட்டும் திறந்திருக்கும் ஃபைல்களை மட்டும் தேடினேன். ஒரே ஒரு லாக் ஃபைல், அதாவது புரோகிராம் தான் செய்வதை வரிவரியாக எழுதி வைக்கும் ஃபைல். எங்கள் அப்ளிகேஷனுடையது. இடம் போதவில்லை என்று சாயங்காலமே யாரோ அதை அழித்திருக்கிறார்கள், புரோகிராமோ அதிலேயே எழுதிக்கொண்டிருக்கிறது. புராசஸ்கள் திறந்து வைத்திருக்கும் ஃபைல்களை எட்ட லினக்ஸ் தரும் புராக் (/proc) வழியாக அந்த ஃபைலின் நீளத்தைப் பூஜ்யமாக்கியதும், எதையும் ரீஸ்டார்ட் செய்யாமலே இடம் வந்துவிட்டது.

சரி, அன்றைக்குத் தப்பித்தோம். ஆனால் மறுநாள் யோசித்தபோதுதான் எனக்கு உறைத்தது. லாக் ஃபைல்கள் பெருத்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் லாக்ரொடேட் (logrotate) என்ற கருவி பழைய ஃபைலுக்கு வேறு பெயர் வைத்துவிட்டுப் புரோகிராமுக்கு சிக்னல் அனுப்பும். லாக்கை மூடிவிட்டு மறுபடி திறப்பது புரோகிராமின் வேலை. அந்தப் புரோகிராமை எழுதியவன் நான். சிக்னலைக் கவனிக்க ஒரு வரி எழுதவில்லை. சர்வரைப் பார்த்துக்கொள்கிற தம்பி இத்தனை நாள் லாக்கை நகலெடுத்துவிட்டு மூல ஃபைலை வெட்டிப் பூஜ்யமாக்கும் காப்பிட்ரன்கேட் (copytruncate) முறையை வைத்துச் சமாளித்திருக்கிறார், நகலெடுப்பதற்கும் வெட்டுவதற்கும் இடையில் சில வரிகள் தொலைந்துபோகலாம் என்று தெரிந்தேதான். என்னிடம் கேட்டிருந்தால் பத்து நிமிஷ வேலை. கேட்கும்படி நானும் இருந்ததில்லை, டெப்ளாய் ஆகி சர்வரில் ஓட ஆரம்பித்ததும் அது என் வேலை இல்லை என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

இப்போது லாக்ரொடேட் அனுப்பும் ஹேங்அப் சிக்னல் வந்தால் லாக்கை மறுபடி திறக்கும்படி மாற்றிவிட்டேன். டிஸ்க் 80 சதவீதத்தைத் தாண்டினால் வருகிற அலாரம் இனி அந்தத் தம்பிக்கு மட்டுமல்ல, எனக்கும் வரும். அப்புறம் இரவுப் பணிப் பட்டியலில் என் பெயரையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன், அடுத்த வாரம் என் முறை.